தன்னார்வ நிர்வாகிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி: கூட்டுழைப்புத் திட்டங்களில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

விக்கிப்பீடியா, விக்சனரி போன்று பலர் கூடி எழுதும் திட்டங்களில் சில மாதங்கள் பங்களித்தவர்களுக்கு, நிர்வாகித் தேர்வு பற்றிய அறிவிப்பு என்றாவது ஒரு நாள் கண்ணில் படும். தெரிந்த பெயர் என்றால் ஆதரவு என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்வதும், தெரியாத பெயர் என்றால் பேசாமல் கடந்துவிடுவதும் புதியவர்களிடம் இயல்பாகக் காணப்படும் பழக்கம். இரண்டாலும் சமூகத்துக்குப் பயனில்லை. ஊதியமும் மேலதிகாரியும் இல்லாத ஒரு பொறுப்புக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும்போது, அவர் இதுவரை செய்திருப்பதைப் படித்துப் பார்ப்பதைத் தவிர வேறு உத்தரவாதம் எதுவும் கிடையாது. நல்ல வேளையாக, விக்கித் திட்டங்களில் ஒருவர் செய்த மாற்றங்கள் ஏறக்குறைய அனைத்தும் நாள், மணி, நிமிடத்துடன் எவரும் பார்க்கும்படி பதிவாகியிருக்கின்றன. அந்தப் பதிவை எப்படி வாசிப்பது, தேர்வை எப்படி நடத்துவது, தேர்ந்தெடுத்த பிறகு என்ன செய்வது என்பவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

நிர்வாகியின் கையில் இருப்பவை

நிர்வாகி என்றதும் தலைவர் என்றோ தலைமை ஆசிரியர் என்றோ பலர் எண்ணிக்கொள்கிறார்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளைப் பொறுத்தவரை, அவர் சில கூடுதல் பொத்தான்களைப் பெற்ற பயனர், அவ்வளவே. பக்கங்களை நீக்கலாம், நீக்கியவற்றை மீட்கலாம், நீக்கப்பட்ட பதிப்புகளைப் படிக்கலாம், ஓயாத சண்டை நடக்கும் பக்கத்தைச் சில நாட்களுக்குப் பூட்டி வைக்கலாம், ஒரு கணக்கையோ ஐ.பி. முகவரியையோ தடை செய்யலாம். ஒரு கட்டுரையில் எந்தச் செய்தி இடம்பெற வேண்டும் என்று தீர்மானிக்கும் தனி அதிகாரம் அவருக்கு இல்லை. அங்கே அவருடைய கருத்துக்கும் நேற்றுச் சேர்ந்தவரின் கருத்துக்கும் ஒரே மதிப்புத்தான். விக்கிப்பீடியாவைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஜிம்மி வேல்ஸ், நிர்வாகியாக இருப்பது பெரிய விஷயமல்ல என்று 2003இல் எழுதினார். கோட்பாட்டளவில் இன்றும் அது சரியே. ஆனால் தடை செய்யும் பொத்தானை வைத்திருப்பவர் ஓர் உரையாடலுக்குள் நுழைந்தால் மற்றவர்கள் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள் என்பதையும் மறுக்க முடியாது, எந்தக் கொள்கைப் பக்கமும் அதை மாற்றிவிடாது. எனவே பொத்தான்களைப் பயன்படுத்தத் தெரிந்தவரா என்பதோடு, அவற்றைக் கையில் வைத்துக்கொண்டே சும்மா இருக்கத் தெரிந்தவரா என்பதையும் பார்க்க வேண்டும். என் பார்வையில் இரண்டாவதே முக்கியம்.

வேறு சில பொறுப்புகளை இதனுடன் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நிர்வாகி உரிமையை வழங்குபவரை அதிகாரி என்பார்கள். தளம் முழுவதற்கும் பொருந்தும் நிரல்களை மாற்றும் உரிமை 2018 முதல் இடைமுக நிர்வாகி என்னும் தனிக் குழுவிடம் இருக்கிறது. பல கணக்குகளின் பின்னால் இருப்பவர் ஒருவரே என்பதைத் தொழில்நுட்பத் தரவுகளைக் கொண்டு கண்டறியும் பயனர் சோதனை உரிமைக்கு இன்னும் கடுமையான விதிகள் உண்டு. அதற்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், இரகசியம் காக்கும் உடன்பாட்டில் ஒப்பமிட வேண்டும், ஒரு திட்டத்தில் அந்த உரிமை பெற்றவர் ஒருவர் மட்டும் இருக்கக்கூடாது. இக்கட்டுரை சாதாரண நிர்வாகிகளைப் பற்றியது.

முதல் வேலை: விலக்கும் வழியை எழுதி வைத்தல்

யாரைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிப்பதற்கு முன்பே, தேர்ந்தெடுத்தவரை எப்படி விலக்குவது என்பதைச் சமூகம் பேசி எழுதி வைத்திருக்க வேண்டும். புதிய சமூகங்கள் பெரும்பாலும் இதைத் தள்ளிப்போடுகின்றன. ஆள் கிடைப்பதே அரிது, இந்த நேரத்தில் விலக்குவதைப் பற்றிப் பேசினால் வர நினைப்பவரும் மனம் சுருங்கிவிடுவார் என்பது அவற்றின் அச்சம். நடந்திருப்பது அதற்கு நேர்மாறானது.

ஆங்கில விக்கிப்பீடியாவில் 2007ஆம் ஆண்டு 400க்கும் மேற்பட்டோர் நிர்வாகிகளாகத் தேர்வானார்கள். 2021இல் அந்த எண்ணிக்கை பத்தைக்கூடத் தொடவில்லை. பங்களிப்போர் தொகை குறைந்ததும், எதிர்பார்ப்புகள் கூடியதும், தொடக்கத்திலேயே போதுமான நிர்வாகிகள் சேர்ந்துவிட்டதும் என இதற்குக் காரணங்கள் பல சொல்லலாம். அவற்றில் ஒன்றை மறக்கக்கூடாது: ஒருமுறை வழங்கிய உரிமையைத் திரும்பப் பெறுவது அங்கே நெடுங்காலம் மிகக் கடினமாக இருந்தது. சமூகமே நேரடியாக விலக்க வழியில்லை, பெரிய சச்சரவுகளைத் தீர்க்கும் நடுவர் குழு வரை வழக்கைக் கொண்டுசெல்ல வேண்டும். ஆயுள் முழுவதற்கும் ஒருவரை ஏற்கிறோம் என்ற எண்ணம் இருந்தால், வாக்களிப்பவர் அவர் எழுதிய ஒவ்வொரு வரியையும் தோண்டித் துருவத்தானே செய்வார்? தேர்வு விசாரணையாக மாறியது, தகுதியான பலர் நமக்கு எதற்கு இந்த வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்கள். 2024இல்தான் அச்சமூகம் திரும்ப அழைக்கும் முறையை ஏற்றது. அதன்படி, 30 நாட்களுக்குள் அனுபவமுள்ள 25 பயனர்கள் ஒப்பமிட்டால் அந்த நிர்வாகி மீண்டும் சமூகத்தின் ஒப்புதலைப் பெற வேண்டும், அல்லது பொறுப்பிலிருந்து விலக வேண்டும்.

ஜெர்மன் விக்கிப்பீடியாவில் இதைப் போன்ற விதி அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. அங்கே ஒரு மாதத்தில் 25 பேரோ ஆறு மாதங்களில் 50 பேரோ கோரினால் மறுதேர்வு நடத்தியாக வேண்டும். ஸ்வீடிஷ் விக்கிப்பீடியா இன்னும் எளிய வழியைக் கைக்கொண்டது: நிர்வாகிகளை ஓராண்டுக்கே தேர்ந்தெடுத்து, காலம் முடிந்ததும் மறுபடி ஒப்புதல் கேட்கிறது. சிறிய, நடுத்தரச் சமூகங்களுக்கு இந்த மூன்றில் கடைசியையே நான் பரிந்துரைப்பேன். ஒருவர் மேல் குறை சொல்லி ஒப்பம் திரட்டும் கசப்பு அதில் இல்லை. காலக்கெடு வந்தது, கேட்கிறோம் என்று இயல்பாகப் பேசலாம். களைத்துப்போன நிர்வாகியும் முகம் வாடாமல் விலகிக்கொள்ள அது வாய்ப்பளிக்கிறது.

செயல்படாதவர்களுக்கான விதியையும் கையோடு எழுதிவிடுங்கள். சொந்த விதி இல்லாத விக்கிமீடியத் திட்டங்களில் (விக்கிப்பீடியாவும் அதன் உடன்பிறப்புத் திட்டங்களும்), இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு தொகுப்போ (பக்கத்தில் செய்யும் மாற்றம்) பதிகையில் (செயல்களைத் தானாகக் குறித்து வைக்கும் பட்டியல்) ஏறும் செயலோ செய்யாதவரின் நிர்வாகி உரிமை, அவருக்கும் சமூகத்துக்கும் அறிவித்த பின் நீக்கப்படுகிறது. இது தண்டனை ஆகாது. கைவிடப்பட்ட கணக்கின் கடவுச்சொல் பிறர் கைக்குப் போனால் திட்டத்துக்கே ஆபத்து என்பதே காரணம். இதை அறிவிப்பிலேயே எழுதிவிட்டால் பழைய பங்களிப்பாளர் மனம் நோக வாய்ப்பில்லை.

ஆளைக் கண்டறிதல்

எந்த வேலை தேங்கிக் கிடக்கிறது என்று முதலில் பாருங்கள். நீக்கக் கோரிய பக்கங்கள் வாரக்கணக்கில் அப்படியே கிடக்கின்றனவா? விசமத் தொகுப்புகள் இரவு நேரங்களில் மட்டும் யாரும் கவனிக்காமல் நிற்கின்றனவா? அப்படியென்றால் அந்த வேலையை ஏற்கெனவே பொத்தான் இல்லாமலேயே செய்துகொண்டிருப்பவர் யார் என்று அண்மைய மாற்றங்கள் பக்கத்திலும், நிர்வாகிகளிடம் கோரிக்கை வைக்கும் பக்கத்திலும் தேடினால் இரண்டு மூன்று பெயர்கள் தாமாகத் தெரியவரும். அவர்களைத் தனியாகக் கேட்டு, சம்மதம் பெற்ற பிறகே பெயரைப் பொதுவில் முன்மொழியுங்கள்; கேட்காமல் முன்மொழிந்து, அவர் மறுத்து, பக்கம் முழுவதும் நன்றியும் சமாதானமுமாக நிறைவது எல்லோருக்கும் சங்கடம். தன்னைத் தானே முன்மொழிவதைச் சிலர் பேராசையாகப் பார்க்கிறார்கள். அது தேவையில்லாத ஐயம். வேலை செய்ய முன்வருபவர் அதை வாய்விட்டுச் சொல்வதில் தவறில்லை.

பங்களிப்பை வாசித்தல்

புதியவர்கள் முதலில் பார்ப்பது தொகுப்பு எண்ணிக்கையை. பதினாயிரம், இருபதாயிரம் என்ற எண் மலைப்பைத் தரும். அந்த எண் எதைச் சொல்லாது என்பதற்கு ஸ்காட்லாந்தில் பேசப்படும் ஸ்காட்ஸ் மொழி விக்கிப்பீடியா ஓர் எடுத்துக்காட்டு. அங்கே நிர்வாகியாக இருந்த ஒரு பயனர் 20,000க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் தொடங்கியிருந்தார். அவருக்கு அந்த மொழி தெரியாது என்பதும், ஆங்கிலச் சொற்களைச் சற்றே மாற்றி எழுதிய கலவை மொழியே அத்தனை கட்டுரைகளிலும் நிறைந்திருந்தது என்பதும் 2020ஆம் ஆண்டுதான் வெளியுலகுக்குத் தெரியவந்தன. அவர் தொடங்கியபோது சிறுவர், கெட்ட எண்ணம் கொண்டவரும் அல்லர். சமூகம் சிறியதாக இருந்ததால் அத்தனை ஆண்டுகளும் எவரும் உட்கார்ந்து படித்துப் பார்க்கவில்லை என்பதே பாடம். எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, அவர் எழுதிய கட்டுரைகளில் நான்கைந்தை முழுமையாகப் படியுங்கள். மேற்கோளாகக் காட்டிய இணைப்புகளில் இரண்டையாவது திறந்து, கட்டுரையில் சொன்னது அங்கே உண்மையாகவே இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

அடுத்து அவருடைய பயனர் பங்களிப்புகள் பக்கத்தைத் திறந்து, பெயர்வெளி (பக்க வகை) என்ற இடத்தில் பயனர் பேச்சு என்பதைத் தேர்ந்தெடுங்கள். கட்டுரைகளெல்லாம் விலகி, அவர் பிறருக்கு எழுதிய செய்திகள் மட்டும் எஞ்சும். ஒரு வேட்பாளரைப் பற்றி அறிய இதைவிட நல்ல இடம் இல்லை. ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். புதிய பயனர் ஒருவர், ஒரு கலைஞரின் வாழ்க்கை வரலாற்றில் பிறந்த ஆண்டை மேற்கோள் இல்லாமல் மாற்றுகிறார். நம் வேட்பாளர் நான்கு நிமிடத்தில் அதை மீளமைக்கிறார். மாற்றத்துக்கான காரணத்தை எழுதும் தொகுப்புச் சுருக்கம் காலியாக இருக்கிறது. புதியவர் மீண்டும் மாற்றுகிறார், இவர் மீண்டும் மீளமைக்கிறார், மூன்றாம் முறை புதியவரின் பேச்சுப் பக்கத்தில் எச்சரிக்கை வார்ப்புரு (முன்பே எழுதி வைத்த பொதுச் செய்தி) ஒன்று வந்து விழுகிறது. விதிப்படி எதுவும் பிழையில்லை. இதே இடத்தில் வேறொருவர், முதல் மீளமைப்பிலேயே சுருக்கத்தில் "சான்று தேவை, பேச்சுப் பக்கம் பார்க்கவும்" என்று எழுதிவிட்டு, பழைய ஆண்டுக்கு எந்த நூல் சான்றாக இருக்கிறது, புதிய ஆண்டுக்கு எது இருந்தால் ஏற்கலாம் என்று இரண்டு வரி எழுதியிருப்பார். நீங்கள் பொத்தானைக் கொடுக்கப் போவது இந்த இருவரில் எவருக்கு என்பதைப் பங்களிப்புப் பட்டியல் காட்டிவிடும். ஒரே ஒரு நிகழ்வை வைத்து முடிவெடுக்காதீர்கள். எல்லோருக்கும் பொறுமையிழக்கும் நாள் உண்டு. பல மாதங்களில் பரவிய பத்துப் பதினைந்து உரையாடல்களைப் பார்த்தால் பழக்கம் எது, தற்செயல் எது என்று பிரித்தறியலாம்.

பிறகு அவர் தோற்ற விவாதங்களைத் தேடுங்கள். வென்ற விவாதங்களில் எல்லோரும் பண்புடன்தான் இருக்கிறார்கள். ஒரு கட்டுரையை நீக்கக் கோரி, சமூகம் வேண்டாம் என்று முடிவெடுத்த பின் அவர் என்ன செய்தார்? சரி என்று சொல்லிவிட்டு அந்தக் கட்டுரைக்கே மேற்கோள் சேர்த்தவர் உண்டு. ஆறு வாரம் கழித்து யாரும் கவனிக்காத நேரத்தில் அதே கோரிக்கையை மறுபடி வைத்தவரும் உண்டு. பிழையைச் சுட்டிக்காட்டியபோது எப்படிப் பதிலளித்தார் என்பதை அவருடைய சொந்தப் பேச்சுப் பக்கத்தின் காப்பகத்தில் பாருங்கள். காப்பகமே இல்லாமல், வந்த குறைகளையெல்லாம் அழித்துவிடும் வழக்கம் இருந்தால் பக்க வரலாற்றில் அவை கிடைக்கும்.

நீக்கல் வார்ப்புரு இட்ட பக்கங்கள் என்னவாயின என்பதும் கவனிக்கத் தக்கது. அவர் கோரியவற்றில் பெரும்பாலானவை நீக்கப்பட்டிருந்தால் விதியைப் புரிந்துகொண்டிருக்கிறார் என்று பொருள். பாதிக்கு மேல் மறுக்கப்பட்டிருந்தால், பொத்தான் கையில் கிடைக்கும் நாளில் அந்தப் பாதியும் கேட்பாரின்றி மறைந்துபோகக்கூடும்.

கேள்வி கேட்டல்

வேட்பாளரிடம் கேள்வி கேட்பது பல திட்டங்களில் வழக்கம். ஏன் நிர்வாகியாக விரும்புகிறீர்கள் என்ற கேள்விக்குச் சமூகத்துக்குச் சேவை செய்ய என்ற பதிலே வரும். அதை வைத்துக்கொண்டு எதையும் அறிய முடியாது. கொள்கைப் பக்கத்தை மனப்பாடம் செய்தாரா என்று சோதிக்கும் கேள்விகளும் வீண், பக்கத்தைத் திறந்து பார்த்து எவரும் பதில் சொல்லிவிடலாம். திட்டத்தில் நடந்த ஓர் உண்மையான சிக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். நீண்டகாலம் நன்றாக எழுதிவரும் ஒருவர் இன்னொருவரை இழிவாகப் பேசிவிட்டார், நீங்கள் அன்றைக்கு நிர்வாகியாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று கேளுங்கள். பதிலில் தடை எத்தனை நாள் என்பதைத் தேட வேண்டாம். நான் அவருக்கு நண்பர், ஆகவே வேறொரு நிர்வாகியைப் பார்க்கச் சொல்வேன் என்பது போன்ற வரி வருகிறதா என்று பாருங்கள். எந்த வேலைகளில் கைவைக்க மாட்டீர்கள் என்றும் கேட்கலாம். தன் எல்லையை அறிந்தவர் அதற்கு உடனே பதில் சொல்வார்.

ஒருவரே பன்னிரண்டு கேள்விகளை அடுக்குவதைச் சமூகம் அனுமதிக்கக்கூடாது. ஆளுக்கு இரண்டு போதும். வயது, தொழில், ஊர், உண்மைப் பெயர் ஆகியவற்றைக் கேட்கவே கூடாது.

வாக்கும் கருத்தும்

ஆங்கில விக்கிப்பீடியாவில் வேட்பாளரைப் பற்றிய உரையாடலும் வாக்கெடுப்பும் ஏழு நாட்கள் நடக்கின்றன. ஜெர்மனில் இரண்டு வாரங்கள். சிறிய சமூகங்களுக்கு இரண்டு வாரமே ஏற்றது, வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வருபவரும் அப்போது கலந்துகொள்ளலாம். வெற்றிக்கான அளவும் இடத்துக்கு இடம் மாறுகிறது: ஜெர்மனில் குறைந்தது 50 ஆதரவு வாக்குகளும் மூன்றில் இரண்டு பங்கும் வேண்டும். ஆங்கிலத்தில் 75 விழுக்காட்டுக்கு மேல் பொதுவாக வெற்றி, 65க்குக் கீழே பொதுவாகத் தோல்வி, இடைப்பட்டதை அதிகாரிகள் கருத்துகளின் தரத்தைப் படித்து முடிவு செய்கிறார்கள். எந்த எண்ணை வைத்துக்கொண்டாலும், அதை வேட்பாளரின் பெயர் தெரிவதற்கு முன்பே உறுதிசெய்துவிடுங்கள். வாக்கெடுப்பின் நடுவே விதி பேசத் தொடங்கினால் அது விதியைப் பற்றிய பேச்சாக இருக்காது.

எதிர்ப்புத் தெரிவிக்கும்போது காரணத்துடன், குறிப்பிட்ட தொகுப்பில் மாறியது என்ன என்பதைக் காட்டும் வேறுபாட்டு இணைப்பையும் கொடுங்கள். "அவருடைய போக்கு எனக்குப் பிடிக்கவில்லை" என்பதற்கு அவரால் பதில் சொல்ல முடியாது; "இந்தத் தொகுப்பில் விளக்கம் தராமல் மூன்று முறை மீளமைத்தீர்கள்" என்பதற்குப் பதில் சொல்லலாம், திருந்தவும் செய்யலாம். ஆதரவுக்கும் ஒரு காரணம் எழுதுவது நல்லது, ஆனால் அதைக் கட்டாயமாக்கத் தேவையில்லை.

யார் வாக்களிக்கலாம் என்ற வரம்பு அவசியம். தேர்வு அறிவித்த பிறகு தொடங்கிய கணக்குகளை ஏற்கக்கூடாது. இத்தனை தொகுப்பு, இத்தனை மாதம் என்று ஓர் எளிய அளவு வைத்தால் போதும். இந்த எச்சரிக்கை எதற்கு என்று ஐயப்படுவோர் குரோவாசிய விக்கிப்பீடியாவின் கதையைத் தேடிப் படிக்கலாம். ஒத்த கருத்துடைய சிறு நிர்வாகிக் குழு ஒன்று அத்திட்டத்தைப் பல ஆண்டுகள் தன் பிடியில் வைத்திருந்தது. மாற்றுக் கருத்துடையோர் தடை செய்யப்பட்டார்கள், வரலாற்றுக் கட்டுரைகள் ஒருபக்கம் சாய்ந்தன, இத்திட்டங்களை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை 2021இல் அதைப் பற்றி ஒரு மதிப்பீட்டு அறிக்கையே வெளியிட வேண்டியதாயிற்று. நிர்வாகிகளை ஒரே நட்பு வட்டத்திலிருந்து எடுத்தால், ஒருவர் தவறும்போது தட்டிக்கேட்க உரிமை பெற்ற இன்னொருவர் இருக்க மாட்டார். வேட்பாளர் தனியாக எவ்வளவு நல்லவர் என்பதோடு, இப்போதிருக்கும் நிர்வாகிகளுடன் சேர்த்துப் பார்த்தால் குழு எப்படி அமைகிறது என்பதும் எடைபோட வேண்டிய ஒன்று.

வெளிப்படையாக எதிர்ப்பு எழுதத் தயங்குவோர் எங்கும் உண்டு. நாளை நிர்வாகியாகப் போகிறவரை இன்று எதிர்ப்பதில் உள்ள சங்கடம் புரிந்துகொள்ளக் கூடியதே. ஆங்கில விக்கிப்பீடியா 2024 அக்டோபரில், பல வேட்பாளர்களை ஒரே நேரத்தில் நிறுத்தி, சில நாட்கள் உரையாடிவிட்டு, பின் மறைவாக வாக்களிக்கும் முறையைச் சோதித்துப் பார்த்தது. பழைய முறையோடு அதுவும் இப்போது தொடர்கிறது. வாக்களிப்போர் நூற்றுக்கணக்கில் இருக்கும் இடங்களுக்கு அது பொருந்தும். இருபது பேர் கொண்ட சமூகத்தில் மறைவு வாக்கு காரணங்களையும் சேர்த்து மறைத்துவிடும் என்பது என் எண்ணம்.

ஆள் மிகக் குறைவாக இருந்தால்

ஐந்தாறு பேர் மட்டும் எழுதும் புதிய மொழித் திட்டங்களில் மேலே சொன்ன அளவுகள் எதுவும் பொருந்தா. அங்கே உள்ளூர் அதிகாரியும் இருக்க மாட்டார். பொது உரையாடல் பக்கத்தில் ஒரு வாரமாவது அறிவிப்பு வைத்து, எதிர்ப்பில்லை என்பதைக் காட்டி, எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான ஒருங்கிணைப்புத் தளமான மெட்டாவிக்கியில் விண்ணப்பித்தால், ஸ்டூவர்டு எனப்படும் உலகளாவிய பொறுப்பாளர்கள் மூன்று மாதம், ஆறு மாதம் என்று குறிப்பிட்ட காலத்துக்கு நிர்வாகி உரிமை தருவார்கள். காலம் முடிந்ததும் மறுபடி சமூகத்தைக் கேட்டு நீட்டித்துக்கொள்ளலாம்.

உரிமை கிடைத்த பின்

முதல் நாள் வேலை, கடவுச்சொல்லை வலுவாக்கி இருபடிச் சரிபார்ப்பை இயக்குவது. முதல் சில வாரங்களுக்கு ஐயமற்ற வேலைகளை மட்டும் செய்யச் சொல்லுங்கள்: வெற்றுப் பக்கங்கள், அப்பட்டமான விசமம், தானே உருவாக்கிய பக்கத்தை நீக்கக் கேட்டவர்களின் கோரிக்கை. தடை போடுவதில் பழைய நிர்வாகி ஒருவரிடம் முன்கூட்டிக் கேட்டுச் செய்வது நல்லது. தான் எழுதிய கட்டுரையைத் தானே பூட்டக்கூடாது, தன்னுடன் விவாதித்தவரைத் தானே தடை செய்யக்கூடாது என்ற இரண்டை மட்டும் எந்தச் சமூகமும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீக்கல் பதிகையும் தடைப் பதிகையும் எல்லோருக்கும் திறந்திருக்கின்றன. புதிய நிர்வாகியின் பதிகையை மாதம் ஒருமுறை யாராவது புரட்டிப் பார்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டால், அவரும் காரணங்களைத் தெளிவாக எழுதப் பழகிவிடுவார்.

தேர்வாகாதவர்

வாக்கெடுப்பை முடித்துவைப்பவர், தேர்வாகாதவரின் பேச்சுப் பக்கத்தில் தாமே சென்று எழுத வேண்டும். வார்ப்புரு வேண்டாம். எதிர்த்தவர்கள் சொன்னவற்றில் எவை திருத்திக்கொள்ளக் கூடியவை என்பதைப் பிரித்துக் காட்டி, எத்தனை மாதம் கழித்து மீண்டும் நிற்கலாம் என்ற விதியையும் சொல்லி, விசமத் தொகுப்புகளை ஒரே சொடுக்கில் பழைய நிலைக்குக் கொண்டுவரும் முன்னிலையாக்கும் உரிமை போன்ற சிறிய உரிமைகள் அவருக்குப் பொருந்துமானால் அவற்றையும் அப்போதே வழங்கலாம். அவரை எதிர்த்தவர்களில் ஒருவரேனும் அடுத்த சில நாட்களில் அவருடன் ஏதாவது ஒரு கட்டுரையில் சேர்ந்து வேலை செய்தால் இன்னும் நல்லது. இது தற்செயலாக நடக்கும் என்று காத்திருக்காமல், எதிர்த்து எழுதிய நீங்களே தொடங்குங்கள்.